சைக்கிள் விளக்கு கற்பிக்கும் தொழிற்பாடம்

(வடகரப்பதி வட்டாரத்து மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் ஆற்றிய உரை)

தொழில் தொடங்க விரும்பும் இளைஞரிடம், "எப்போது தொடங்கப் போகிறீர்கள்?" என்று கேட்டால், "காலம் சற்றுத் தேறட்டும்" என்ற மறுமொழியே பெரும்பாலும் கிடைக்கிறது. பணப்புழக்கம் குறைந்த காலம் தொழிலுக்கு ஏற்றதன்று என்பது பொதுவான எண்ணம். இந்த எண்ணம் எந்த அளவுக்குச் சரியானது என்பதை, சைக்கிள் விளக்கு என்னும் எளிய பொருளின் வரலாற்றைக் கொண்டு இன்று ஆராய விழைகிறேன்.

இருளில் தெரியாத மனிதர்

வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை ஆகிய பஞ்சாயத்துகள் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், மழை மறைவுப் பகுதியில் அமைந்தவை. வேளாண்மையும் கறவை மாடுகளும் தென்னையும் இங்குள்ள வாழ்க்கைக்கு ஆதாரம். பாலும் கள்ளும் கதிரவன் உதிக்கக் காத்திருப்பதில்லை. விடியுமுன்னே பால் கொண்டு செல்பவரும், தென்னந்தோப்புக்குப் புறப்படும் தொழிலாளியும், மாலையில் தாமதமாக வீடு திரும்பும் மாணவரும் இருளில்தான் சாலையைப் பயன்படுத்த வேண்டியுள்ளது. வசதியுள்ளோர் மோட்டார் வாகனங்களுக்கு மாறிவிட்டனர். இன்னும் சைக்கிளை நம்பியிருப்போர் பெரும்பாலும் அதற்கு இயலாதவர்களே.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் விபத்தினால் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் ஏறத்தாழ 3 சதவீதத்தினர் சைக்கிளில் சென்றவர்கள். விழுக்காடு சிறிதாகத் தோன்றலாம்; ஆனால் அது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் இழப்பு.

விளக்கின் தேவையை எளிய கணக்கால் உணரலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு வினாடியில் சுமார் 17 மீட்டர் தூரம் ஓடிவிடுகிறது. ஓட்டுநர் ஒன்றைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கை அழுத்த ஒன்றரை வினாடி ஆகுமெனக் கொண்டால், அதற்குள் வாகனம் 25 மீட்டர் வந்துவிடும். பிரேக் பிடித்தபின் நிற்பதற்கு மேலும் ஏறத்தாழ 25 மீட்டர் தேவைப்படலாம். ஆகவே 50 மீட்டருக்கு அப்பாலேயே சைக்கிள் கண்ணில் பட்டாக வேண்டும். மங்கலான உடையணிந்த மனிதரை, தாழ்த்திய முகப்பு விளக்கொளியில் அத்தொலைவில் காண்பது அரிது. சைக்கிளின் பின்புறத்தில் ஒளிரும் சிறு சிவப்பு விளக்கு அந்த 50 மீட்டரைப் பல மடங்கு பெருக்கிவிடுகிறது.

எண்ணெயிலிருந்து டைனமோ வரை

நம் நாட்டில் சைக்கிள் பரவிய காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கும் கார்பைடு விளக்கும் வழக்கிலிருந்தன. காற்றடித்தால் முன்னது அணைந்துவிடும். பின்னதைப் பராமரிப்பது தொல்லை. விளக்கில்லாமல் இரவில் சைக்கிள் ஓட்டினால் போலீசார் பிடித்து அபராதம் விதித்த காலம் முதியோருக்கு நினைவிருக்கும். விடுதலைக்குப் பின் 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனமும், 1956இல் லூதியானாவில் ஹீரோ சைக்கிள்ஸ் நிறுவனமும் தோன்றின. டைனமோ விளக்கும் நாடெங்கும் பரவிற்று. டயரில் உராய்ந்து சுழலும் இக்கருவி 6 வோல்ட் அழுத்தத்தில் 3 வாட் மின்சாரம் தந்தது. செலவில்லாத ஒளிதான், ஆயினும் மிதிப்பவருக்குப் பாரம் கூடும். வண்டி நின்றால் விளக்கும் அணையும். நடுச்சாலையில் நிற்கும் சைக்கிளுக்குத்தான் ஒளி மிகவும் தேவை என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் குறை விளங்கும்.

மிதிவண்டிக் கடையில் பயின்றவர்

இந்தக் குறைகளுக்கு மாற்றுக் காண முயன்ற சிறுதொழில்களுள் உலகப் புகழ் பெற்றது ஜப்பானில் ஒசாகா நகரில் தோன்றியது. அதனை நிறுவியவர் கோனொசுகே மட்சுஷிட்டா. 1894இல் பிறந்த அவர், குடும்பம் நொடித்துப்போனதால் ஒன்பது வயதில் பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றார். பின்னர் ஒரு சைக்கிள் கடையில் சுமார் ஐந்து ஆண்டுகள் எடுபிடியாக இருந்து, 1910இல் மின்சார நிறுவனமொன்றில் பணியில் அமர்ந்தார். 1917இல் அவ்வேலையை உதறி, சொற்ப சேமிப்புடன் புதுவகை விளக்குத் தாங்கி ஒன்றைச் செய்து விற்க முயன்றார், அது விலைபோகவில்லை. மின்விசிறிக்கான காப்புத் தட்டுகள் செய்து தரும் ஒப்பந்தம் ஒன்று கிடைத்தமையால்தான் தொழில் பிழைத்தது. 1918இல் முறையாக நிறுவனம் தொடங்கினார். மனைவியும் மைத்துனர் தோஷியோ இயுவேயுமே முதல் துணைவர்கள்.

முதல் உலகப் போர்க்கால வளம் 1920இல் சரிந்து, ஜப்பானிய வணிகம் தளர்ந்திருந்தது. அச்சூழலில்தான் மட்சுஷிட்டா சைக்கிள் விளக்கில் கருத்தைச் செலுத்தினார். மெழுகுவர்த்தி விளக்குகள் அடிக்கடி அணைந்தன. பாட்டரி விளக்குகளோ இரண்டு, மூன்று மணி நேரத்தில் ஓய்ந்துவிடும், பழுதும் மிகுதி. அரையாண்டுக் காலம், நூற்றை நெருங்கும் மாதிரிகளைச் செய்து சோதித்து, 1923இல் தோட்டா வடிவிலான ஒரு விளக்கை அவர் உருவாக்கினார். அது 30 முதல் 50 மணி நேரம் வரை எரிந்தது.

இனி விற்பனை எளிது என்றுதான் எவரும் நினைப்பர். நடந்தது வேறு. பாட்டரி விளக்கு என்றாலே மோசமான சரக்கு என்ற பெயர் நிலைத்திருந்தமையால், மொத்த வணிகர் எவரும் வாங்க முன்வரவில்லை. பொருள் நன்று, அதன் இனத்திற்கே கெட்ட பெயர். இந்நிலையில் எவ்வளவு விளம்பரம் செய்தாலும் பயனில்லை.

மட்சுஷிட்டா சில்லறைக் கடைகளை நேரே நாடினார். கடைக்கு இரண்டு, மூன்று விளக்குகளை ஒப்படைத்து, ஒன்றை ஏற்றி வைக்கச் செய்தார். எத்தனை மணி நேரம் எரிகிறது என்று கடைக்காரரே பார்க்கட்டும். மனநிறைவு உண்டாயின் பணம் தரட்டும் என்பதே அவர் ஏற்பாடு. கைம்முதல் குறைந்த தொழிலுக்கு இது துணிகரமான செயல். ஆயினும் அரையாண்டுச் சோதனையின் உறுதி அவர் பின்னே நின்றது. விளக்கே தனக்குச் சாட்சி சொல்லிற்று. சில மாதங்களில் மாதத்திற்கு 2,000 விளக்குகள் என்ற அளவுக்கு விற்பனை உயர்ந்தது. மறுத்த மொத்த வணிகர்களே பின்னர் தேடி வந்தனர்.

1927இல் 'நேஷனல்' என்ற பெயரில் சதுர விளக்கொன்றை வெளியிட்டபோது, 10,000 விளக்குகளை இலவசமாகவே வழங்கத் துணிந்தார். அதற்கான பாட்டரிகளைத் தரும்படி பாட்டரி உற்பத்தியாளரைக் கேட்டார். ஆண்டிறுதிக்குள் 2,00,000 பாட்டரிகளை விற்றுத் தந்தால் முதல் 10,000 பாட்டரிகளுக்கு விலை வேண்டியதில்லை என்பது உடன்பாடு. விற்றதோ 4,70,000! விளக்கு செய்பவரும் பாட்டரி செய்பவரும் ஆபத்தைப் பகிர்ந்துகொண்டமையால் இருவருமே உயர்ந்தனர்.

மந்தத்தில் ஒரு முடிவு

உண்மையான சோதனை 1929இல் வந்தது. அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. ஜப்பானிலோ அரசின் சிக்கன நடவடிக்கைகளால் ஏற்கெனவே வணிகம் சுருங்கியிருந்தது. டிசம்பரில் மட்சுஷிட்டா நிறுவனத்தின் விற்பனை பாதியாயிற்று. கிடங்கில் சரக்கு நிரம்பி வழிந்தது. நோயுற்றுப் படுக்கையிலிருந்த அவரிடம், தொழிலாளரைப் பாதியாகக் குறைப்பதே வழி என்று நிர்வாகிகள் எடுத்துரைத்தனர்.

அவர் வேறொரு வழியைத் தேர்ந்தார். உற்பத்தியைப் பாதியாகக் குறைப்பது. ஆனால் ஒருவரையும் நீக்குவதில்லை. தொழிற்சாலையில் அரைநாள் வேலை, முழுநாள் கூலி. அதற்கு ஈடாக, விடுமுறை நாளிலும் அனைவரும் தேங்கிய சரக்கை விற்க முயல வேண்டும். இரண்டே மாதங்களில் கிடங்கு காலியாயிற்று. மீண்டும் முழு உற்பத்தி தொடங்கியது.

இம்முறை எல்லாத் தொழிலுக்கும் எல்லாக் காலத்திலும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அவரிடமிருந்தது மக்கள் அன்றாடம் வேண்டும் மலிவான பொருள். விற்பனைக்கான கடைத் தொடர்பும் முன்பே உருவாகியிருந்தது. அவையின்றி முழுக் கூலி கொடுத்திருந்தால் நிறுவனமே மூழ்கியிருக்கும். எனினும் ஓர் உண்மையை மறுக்க இயலாது. பயின்ற கைகளை மந்தத்தில் இழந்த தொழில், நல்ல காலம் திரும்பும்போது மீண்டும் முதற்படியிலிருந்தே ஏற வேண்டும்.

அந்த நிறுவனமே இன்று பானசோனிக் என வழங்குகிறது. மைத்துனர் இயுவே பிரிந்து, போரில் சிதைந்திருந்த ஜப்பானில் 1947இல் சான்யோ தொழிலைத் தொடங்கினார். அவரும் முதலில் செய்தது டைனமோ சைக்கிள் விளக்கே. இரண்டு பெருநிறுவனங்களின் வளர்ச்சியில் இந்த எளிய பொருளுக்கு இடமுண்டு. இரண்டு வேளையும் நெருக்கடிக் காலமே.

நமக்குரிய பாடம்

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். இன்று தொழில்நுட்பம் பெரிதும் எளிதாகிவிட்டது. நீல ஒளி உமிழும் டையோடைக் கண்டறிந்தமைக்காக அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவர் 2014இல் நோபல் பரிசு பெற்றனர். அக்கண்டுபிடிப்பின் பயனாகப் பிறந்த வெள்ளை எல்.இ.டி. விளக்கு, பழைய இழை பல்பு உண்ட மின்சாரத்தில் சிறு பங்கையே கொள்கிறது. மத்திய அரசு 2020இல் பிறப்பித்த தரக் கட்டுப்பாட்டு ஆணை, சைக்கிள்களில் பொருத்தும் ஒளி பிரதிபலிப்பான்களுக்குத் தர நெறிகளை விதித்தது. இது நன்மைதான். ஆனால் பிரதிபலிப்பான் தானே ஒளிராது. பிறர் விளக்கொளி அதன்மேல் பட வேண்டும். கேரியரில் பால் கேனோ புல்லுக்கட்டோ ஏற்றினால், பின்புறத்துப் பிரதிபலிப்பானும் விளக்கும் மறைந்துபோகும். சுமையின்மீதே மாட்டத்தக்க, மழைக்கும் தூசிக்கும் அசையாத, ஊர்க் கடையிலேயே பழுது பார்க்கத்தக்க ஒரு விளக்கு இங்கு தேவை. தொலைதூரத் தொழிற்சாலை இத்தேவையை அறிவது கடினம். சைக்கிள் கடையில் பயின்ற சிறுவனே அதை அறிந்தான் என்பதை நினைவிற்கொள்க.

மலிவான இறக்குமதி விளக்குகளோடு விலையில் மட்டும் போட்டியிட்டால் சிறுதொழில் தோற்கும். பயன்பாட்டிலும் நம்பகத்திலும் போட்டியிட்டால் வெல்ல இடமுண்டு. மாணவர்களே, பத்து விளக்குகள் செய்து பத்துப் பால்காரர்களிடம் ஒரு மழைக்காலம் முழுதும் கொடுத்துப் பாருங்கள். எவை அணைந்தன, ஏன் அணைந்தன என்று குறித்து வையுங்கள். கடன் விண்ணப்பத்தைக் காட்டிலும் அந்தக் குறிப்பேடே உங்கள் முதற் சொத்து.

அலுவலர்களுக்கும் சில சொல்ல வேண்டும். உதவித் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2008இல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தின்கீழ், ஊரகத்தில் தொடங்கும் தொழிலுக்குப் பொதுப் பிரிவினர்க்குத் திட்டச் செலவில் 25 சதவீதமும், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினர்க்கு 35 சதவீதமும் மானியம் உண்டு. 2019ஆம் ஆண்டுக் கேரளச் சட்டம், பெரும் மாசு விளைக்காத குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் ஒப்புகைச் சான்று பெற்று, பிற அனுமதிகளுக்குக் காத்திராமல் மூன்று ஆண்டுகள் இயங்க வழி செய்துள்ளது. மாநிலத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த உரிமை அளிக்கிறது. சித்தூர் வட்டத்து இளைஞரும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பகுதி இளைஞரும் தமிழில் எழுதிய விண்ணப்பத்துடன் வரும்போது, அதை ஏற்பது சலுகையன்று, கடமை.

எல்லாவற்றினும் முக்கியமானது உரிய காலத்தில் பணம் தருவது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு தொழில்களிடம் சரக்கு வாங்கியவர் எவ்வகை ஒப்பந்தமாயினும் 45 நாட்களுக்குள் தொகையைச் செலுத்த வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி வீதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி சேரும். ஆயினும் சட்டத்தை நினைவூட்டிப் பெரிய வாடிக்கையாளரை இழக்கச் சிறுதொழிலர் அஞ்சுகின்றனர். அரசு அலுவலகங்களும் பஞ்சாயத்துகளும் முதலில் தாமே தவணை தவறாதிருந்தால், அந்த அச்சம் பாதி நீங்கும்.

அன்பர்களே, நெருக்கடிக் காலம் தொழிலைக் கொல்வதும் உண்டு, வளர்ப்பதும் உண்டு. சோதித்துப் பார்க்காத பொருளும், பிரிந்துபோன உழைப்பாளிகளும், வராத பாக்கியும் கொல்பவை. உண்மையான தேவையும், நீண்ட சோதனையும், பகிர்ந்துகொண்ட பொறுப்பும் வளர்ப்பவை. இவற்றுள் முதல் இரண்டும் இளைஞர் கையில் உள்ளன. மூன்றாவது நம் அனைவர் கையிலும் உள்ளது. விடியுமுன் பால் கொண்டு செல்லும் ஒரு மனிதர் பத்திரமாக வீடு திரும்புவதற்கும், ஓர் இளைஞர் சொந்த ஊரிலேயே வேலை பெறுவதற்கும் ஒரே விளக்கு உதவுமானால், அம்முயற்சியை நல்ல காலம் வரட்டும் என்று ஒத்திப்போட வேண்டியதில்லை.