முற்றத்து மணவிழா
(நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பழமை வாய்ந்த ஓரிடத்தில், திறந்த வெளியில், ஆடம்பரமின்றி மணவினை நடத்தும் முறையைப் பற்றிச் சில சொற் கூறுமாறு எம்மைப் பணித்திருக்கின்றனர். பொருளைக் கேட்டவுடன் முதியோர் சிலர் புன்முறுவல் செய்தனர். இளையோர் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தனர். சென்ற ஆண்டு வரையில் யாமும் புன்முறுவல் செய்தோர் வரிசையிலேயே இருந்தோம் என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கின்றோம்.

திறந்த வெளியில் மணம் என்பது நமக்குப் புதியதன்று. நம் பாட்டன்மார் காலத்தில் வீட்டு வாயிலில் முகூர்த்தக்கால் நட்டு, சவுக்குக் கால் நிறுத்தி, தென்னங்கீற்று வேய்ந்து, வாழை கட்டி, அப்பந்தலின் கீழேயே தாலி கட்டும் விருந்தும் நடந்தன. கல்யாண மண்டபங்கள் பின்னரே பெருகின. அவற்றால் வசதி உண்டு. அதனை யாம் மறுக்கவில்லை. ஆயின், வீட்டின் அளவிற்கேற்ப உறவினரை அழைத்த நாம், மண்டபத்தின் அளவிற்கேற்ப ஊராரை அழைக்கத் தொடங்கினோம். மணமக்களின் பெயரையே அழைப்பிதழைப் பார்த்து அறிந்துகொண்டு, மொய் எழுதிவிட்டு, இலைக்கு விரையும் விருந்தினர் எத்தனை பேர்! அவர்களுள் ஒருவராக யாமும் பன்முறை இருந்திருக்கின்றோம்.

பழையது என்பதனாலேயே எல்லாவற்றையும் போற்றவும் வேண்டா. 2004ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், திருவரங்கத்தில் ஒரு மண்டபத்து மாடியில் இட்டிருந்த கீற்றுப் பந்தலில் தீப்பற்றி, மணமகன் உட்பட ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்ட துயரத்தை யாரே மறப்பர்? கீற்றின் கீழ் மின்கம்பியும் விளக்கும் கட்டுவோர் அதனை ஒருமுறை நினைத்தல் வேண்டும்.

இனி எம் குடும்பத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். எம் தம்பி தன் மகளின் மணத்திற்கு நகரத்தில் பெரிய மண்டபம் பேசி, 1,200 பேருக்குக் கணக்கிட்டு, தான் குடியிருக்கும் வீட்டை ஈடு வைக்கத் துணிந்திருந்தான். அச்செய்தி பெண்ணின் செவிக்கு எட்டியது. ஒருநாள் மாலை அவள் எம்மிடம் வந்து, ஒரு தாளை நீட்டி, "பெரியப்பா, எனக்கு முகம் தெரிந்தவர்களையும், என் முகம் தெரிந்தவர்களையும் எழுதிப் பார்த்தேன். 140 பேர் வருகிறார்கள். மற்றவர்களுக்குச் சோறு போடுவதற்காக அப்பா வீட்டை ஈடு வைக்க வேண்டுமா?" என்றாள். யாம் அவளைக் கடிந்து அனுப்பினோம். அன்றிரவு அத்தாளைப் படித்துப் பார்த்தோம். அதில் அவளுக்கு முதலெழுத்துக் கற்பித்த ஆசிரியை இருந்தார். தெருமுனையில் பூக்கட்டும் மூதாட்டி இருந்தார். எம்மால் அதில் ஒரு பெயரையும் அடிக்க இயலவில்லை.

இடத்தைத் தேடும்பொழுது யாம் கற்றவை மூன்று. முதலாவது, தொல்லியல் துறையின் காவலிலுள்ள சின்னங்களை நாடுதல் வீண் என்பது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில், செஞ்சிக் கோட்டை முதலியன மத்திய அரசின் காவலிலுள்ளவை. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1959இல் வகுத்த விதிகளின்கீழ், எழுத்து மூலமான அனுமதியின்றி அங்கே கூட்டமோ விருந்தோ நடத்தலாகாது. சமைத்தலும் உண்ணுதலும் ஒதுக்கிய இடத்திலன்றிக் கூடா. மதுரைத் திருமலை நாயக்கர் மகாலும் தரங்கம்பாடி டேனியக் கோட்டையும் மாநிலத் தொல்லியல் துறையின் காவலிலுள்ளவை. அவற்றைக் கண்டு மகிழலாம்; பந்தி விரித்தல் முறையன்று. இரண்டாவது, கோயில் மண்டபங்கள். அங்கே மணம் நடத்துதல் தொன்றுதொட்ட வழக்கம். கோயில் அலுவலகத்தில் மணமக்களின் வயதுச் சான்றுகளைக் காட்டி முன்கூட்டியே அனுமதி பெறல் வேண்டும். பூசை நேரங்களுக்கு நாமே இசைந்து நடத்தல் வேண்டும். மூன்றாவது, தனியார்க்குரிய பழைய வீடுகள். பல ஊர்களைப் பார்த்தபின், செட்டிநாட்டுச் சிற்றூர் ஒன்றிலுள்ள அத்தகைய வீட்டையே எம் பெண் தேர்ந்தாள்.

அவ்வீடுகளைக் காணாதோர்க்குச் சிறிது கூறுவோம். பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பொருளால் எழுப்பியவை அவை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிவனவும் உண்டு. பர்மாத் தேக்குத் தூண்களும், முட்டை வெண்கரு சேர்த்து மெருகிட்ட சுண்ணாம்புச் சுவர்களும், ஆத்தங்குடிக் கல் பாவிய தரைகளும் அவற்றின் சிறப்பு. வளவின் நடுவே வானம் பார்த்த முற்றம். சுற்றிலும் தாழ்வாரம். முற்றத்தில் மணமக்கள் அமர, தாழ்வாரத்து நிழலில் உறவினர் அமர்வர். மணவினைகளை மனத்திற் கொண்டே அமைத்த வீடாதலின், புதிதாக நாம் அமைக்க வேண்டுவது யாதுமில்லை. அவற்றுட் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. வாடகையாக நாம் கொடுக்கும் பொருள் ஓட்டை மாற்றவும் மரத்திற்கு எண்ணெய் பூசவும் உதவுமாயின், அதுவும் ஓர் அறமே.

திறந்த வெளி மணத்திற்குக் காலமே முதலாவது காவல். ஐப்பசி, கார்த்திகை மழைக்குரியன. வைகாசியில் வெயில் முதியோரை வாட்டும். தை, மாசி, பங்குனியே தக்கன. யாம் மாசியில் காலை 7½ மணிக்குள் முகூர்த்தம் கொண்டோம். வெயில் முற்றத்தில் இறங்குமுன் தாலி ஏறிற்று. ஆயினும் மழை வந்தால் எங்கே அமர்வது என்பதை முன்னரே குறித்து வைத்திருந்தோம்.

பழைய வீட்டிற்கு நாம் விருந்தினர், உரிமையாளர் அல்லர். காவற்காரர் எமக்கு இட்ட கட்டளைகள் சில: சுவரில் ஆணி அடிக்கலாகாது, தூணில் பசைத்தாள் ஒட்டலாகாது, ஓமத்தைச் செங்கல் அடுக்கி மணல் பரப்பி அதன்மீதே வளர்த்தல் வேண்டும், அடுப்பு பின்கட்டிற்கு வெளியே. இத்தனையும் பிறர்க்கு எடுத்துரைத்த யாமே, படியேறுகையில் தடுமாறிக் குங்குமக் கையைச் சுவரில் ஊன்றிவிட்டோம்! நூறாண்டு வெண்மையில் எம் ஐந்து விரலும் பதிந்தன. காவற்காரர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஈரத்துணியால் மெல்ல ஒற்றினார். ஆயினும் நிறம் முற்றும் நீங்கவில்லை. செப்பனிடும் செலவைக் கொடுத்தோம். வெட்கத்திற்கு விலை கொடுக்க வழியில்லை. ஆதலின் மஞ்சள், குங்குமம், எண்ணெய் ஆகியவற்றிற்குத் தனியே ஒரு மேசையும், அதனருகே நீரும் துணியும் வைத்தல் நலம்.

கழிப்பறையையும் குடிநீரையும் முதலில் எண்ணுக; பூ அலங்காரத்தைப் பின்னர் எண்ணலாம். படியேற இயலாத முதியோர்க்கு மரப்பலகைச் சரிவு ஒன்று இடுக. பழைய மின்கம்பிகள் பெரும்பாரம் தாங்கா. வெளியே ஜெனரேட்டர் வைத்தலே காவல். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாதென 2000ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. எமக்கு அது தேவைப்படவே இல்லை. நாதசுரமும் தவிலும் அம்முற்றத்தில் தாமே நிறைந்தன. வாழையிலையும் பித்தளைக் குவளையுமே பயன்பட்டன. ஒருமுறை எறியும் பிளாஸ்டிக் 2019 முதல் நம் மாநிலத்தில் தடைப்பட்டதன்றோ?

சட்டத்தைப் பற்றி ஐயுறுவோர்க்கு ஒரு சொல். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் மணத்திற்கு இன்ன கட்டடம் வேண்டுமென விதிக்கவில்லை. 1967இல் நம் மாநிலம் செய்த திருத்தத்தால், உற்றார் அல்லது நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ நடக்கும் மணமும் செல்லும். எம்முறையில் நடத்தினும், 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்தல் கட்டாயம். இதனை மறவற்க.

அன்று நிகழ்ந்தவற்றுள் ஒன்றை மட்டும் கூறுவோம். விருந்து முடிந்து பெண்கள் தாழ்வாரத்தில் அமர்ந்து நலங்குப் பாட்டுப் பாடினர். எம் அன்னையார் வயது 86. பல ஆண்டுகளாகப் பாடாதவர். அவர் இடையிற் புகுந்து ஓரடி எடுத்துக் கொடுத்தார். அவ்வடி அங்கிருந்த வேறு ஒருவருக்கும் தெரியாது. பேத்தி அருகே சென்று அமர்ந்து, மும்முறை பாடச் சொல்லிக் கற்றுக்கொண்டாள். 1,200 பேர் நிறைந்த மண்டபத்தில் அக்குரல் எவர் செவியில் விழுந்திருக்கும்?

எல்லாம் இனிதே முடிந்தன என்று கூறினால் பொய்யாகும். அழைக்கப்பெறாத உறவினர் மனம் நொந்தனர். எம் தமக்கையார், பெண்ணின் அத்தை, "என் சம்பந்தி வீட்டாரை அழைக்காத கல்யாணத்தில் நான் எந்த முகத்தோடு நிற்பேன்?" என்று முதல் நாள் வரை வரமாட்டேன் என்றார். அவர் சினம் நியாயமற்றதன்று. பிறர் வீட்டு மணத்தில் உண்ட கடனை நம் வீட்டு மணத்தில் திருப்புதல் நம்மவர் நெறி. ஆதலின் மணமக்கள் ஒரு திங்கள் முழுவதும் ஞாயிறு தோறும் வெற்றிலை பாக்குடன் ஒவ்வோர் இல்லமாகச் சென்று வணங்கி வந்தனர். பலர் மகிழ்ந்து வாழ்த்தினர். இரு குடும்பத்தார் இன்றளவும் எம்முடன் பேசுவதில்லை. அவர்கள் இவ்வவையில் இருப்பின், எம் வணக்கத்தை ஏற்றருள்க.

எம் தம்பியின் வீடு ஈடின்றி இருக்கின்றது. அவன் இரவில் உறங்குகின்றான்.

பெரியோர்களே! எல்லோரும் இவ்வாறே நடத்துக என்று சங்கம் விதித்தல் வேண்டுமென யாம் கூறவில்லை. பெருவிருந்து இட வல்லோர் மகிழ்ந்து இடுக. எம் வேண்டுகோள் ஒன்றே: சிறு அளவில் மணம் நடத்தும் குடும்பத்தாரை நோக்கி, "எங்களை ஏன் அழைக்கவில்லை?" என்று வினவாது, "மணமக்கள் எப்பொழுது வீட்டிற்கு வருவர்?" என்று வினவுவோமாக. இவ்வொரு வினாவை நாம் மாற்றிக்கொண்டால், நம்முள் எத்தனையோ வீடுகள் ஈட்டினின்றும் தப்பும். இதனை இங்குள்ள தாய்மார்கள் மனங்கொண்டால் தீர்மானமும் வேண்டா, கையொப்பமும் வேண்டா.