அடங்கும் வரை காத்திருத்தல்



1995இல் ஜிம் ஜார்முஷ் இயக்கிய 'டெட் மேன்' என்னும் கறுப்பு வெள்ளைத் திரைப்படத்திற்கு இசை தந்தவர் ராக் இசைக்கலைஞர் நீல் யங். படத்தைப் பார்த்தவாறே, பெரும்பாலும் மின்கிதாரில், அந்தந்தக் கணத்தில் எழுந்ததை அவர் வாசித்தார்.

கதைத்தலைவன் ஒரு கணக்கன்; ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்கின் பெயரைக் கொண்டவன். குண்டடிபட்ட அவனைக் கவிஞரென்றே நம்பிய அமெரிக்கப் பழங்குடி மனிதன் ஒருவன், இறுதியில் படகிலேற்றிக் கடலில் விடுகிறான்.

முதன்முறை கேட்டபோது ஏமாந்தேன். ஒரே சிறு இசைத்தொடர் திரும்பத் திரும்ப வருகிறதே, சோகம் பெருகவில்லையே என்றெண்ணினேன். மறுமுறை கண்மூடிக் கேட்டேன். ஒரு மீட்டல்; அதன் அதிர்வு தேய்ந்தடங்கும் வரை காத்திருப்பு; பிறகே அடுத்தது. அந்த இடைவெளியில் மரணத்தை நானே உணர வேண்டியிருந்தது.

இருபதாண்டுகளாக வகுப்பறையில் கவிதைக்கு உரை சொல்லிப் பழகியவள் நான். என் கவிதைகளின் ஈற்றடிகளும் உரையாகவே முடிந்திருப்பதை அன்று கண்டேன். இம்மலருக்கு அளித்த கவிதையின் கடைசி இரண்டடிகளை நீக்கிவிடுமாறு பதிப்பாசிரியரை வேண்டிக்கொண்டேன். அவை நான் மிகவும் விரும்பி எழுதியவை.

பத்தாண்டுகள் பாடப் பயின்றோம். இனி நிறுத்தவும் பயில்வோம்.