ஜெபத்துல கடவுள்கிட்ட கோபப்படலாமா?

இந்த எபிசோடுல ஒரே ஒரு கேள்விதான். கேட்டுக்கிட்டிருக்கிற ஒருத்தங்க வாய்ஸ் நோட்டுல அனுப்பின கேள்வி: "அண்ணா, ஜெபம் பண்ண உட்கார்ந்தா கோபம் மட்டும்தான் வருது. ஸ்தோத்திரம்னு சொல்ல வாய் வரல. இப்படியே போய் அவர் முன்னாடி நிக்கலாமா?"

நிக்கலாம். ஏன் அப்படிச் சொல்றேன்னு பார்ப்போம்.

நம்ம சபைகள்ல கஷ்டத்தைச் சொன்னதுமே ஒரு பதில் ரெடியா வரும்: "விசுவாசமா இருங்க, எல்லாம் நன்மைக்குத்தான்." சொல்றவங்க அன்பாத்தான் சொல்றாங்க. ஆனா கேட்கிறவங்க அன்னையிலிருந்து அழுகையை ஒளிச்சு வைக்க ஆரம்பிச்சிடுறாங்க. மனுஷங்ககிட்ட மட்டும் இல்ல, கடவுள்கிட்டயும்.

வேதாகமம் அப்படி ஒளிச்சு வைக்கல. சங்கீதப் புத்தகத்தில் மொத்தம் 150 பாடல்கள். அதில் பெரிய பங்கு புலம்பல்கள்தான். 13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கோங்க. ஆறே வசனம். முதல் ரெண்டு வசனத்துக்குள்ள, இன்னும் எவ்வளவு காலம்னு நாலு தடவை கேள்வி வருது. நீங்க என்னை மறந்துட்டீங்களா என்கிற தொனியில் கேட்கிறார். அடுத்த ரெண்டு வசனத்தில் உதவி கேட்கிறார். கடைசி ரெண்டில்தான் நம்பிக்கை எட்டிப் பார்க்குது.

சரி, அந்த நம்பிக்கை கடைசி வரைக்கும் வரலைன்னா? அதுக்கும் ஒரு பாட்டு இருக்கு. 88-ஆம் சங்கீதம், ஏமான் என்பவர் பெயரில் இருக்கிறது. 18 வசனம் முழுக்க வேதனை. எபிரெய மூலத்தில் அதோட கடைசி வார்த்தையே 'இருள்'தான். வெளிச்சம் வந்த மாதிரி யாரும் முடிவை மாத்தி எழுதல. அப்படியே ஆராதனைப் பாடல்களோட சேர்த்து வச்சிருக்காங்க. ஒண்ணு மட்டும் கவனிங்க: அவ்வளவு இருட்டிலும் அவர் கடவுளைப் பற்றிப் பேசிட்டுப் போகல, கடவுள்கிட்டயே பேசுறார். முணுமுணுப்புக்கும் ஜெபத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்னு நினைக்கிறேன்.

யோபு கதையிலும் இதே விஷயம் வருது. அவரோட நண்பர்கள் வந்து ஏழு நாள் பேசாம கூட உட்கார்ந்திருந்தாங்க. அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் வாயைத் திறந்து கடவுளுக்காக வக்காலத்து வாங்க ஆரம்பிச்சாங்க. யோபுவோ கடவுள்கிட்டயே வழக்காடினார். கடைசியில் கடவுள் யாரைக் கண்டிச்சார்? நண்பர்களை. தன்னைப் பற்றிச் சரியாகப் பேசியது யோபுதான் என்றார். கோபமா பேசினவரைத் தள்ளிவிடல.

என் அண்ணன் ஐசியூவில் இருந்த பதினொரு நாளும் என் ஜெபம் ரொம்பச் சின்னது. வராண்டா பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்து, "நீங்க பார்த்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?" இவ்வளவுதான். அண்ணன் பிழைக்கல. அதுக்கு எனக்கு இன்னிக்கும் காரணம் தெரியாது. காரணம் தெரிஞ்ச மாதிரி இங்க நடிக்கவும் மாட்டேன். ஆனா அந்த ராத்திரிகள்ல நான் காத்துகிட்ட பேசல, யாரோ கேட்டுக்கிட்டு இருந்தாங்க என்கிற உணர்வு மட்டும் என்னை விட்டுப் போகல. எனக்குக் கிடைச்ச ஆறுதல் அதுதான். பதில் கிடைக்கல, துணை கிடைச்சது.

இதுல இயேசுவை நான் ரொம்ப நெருக்கமாப் பார்க்கிறேன். சிலுவையில் அவர் கதறினது 22-ஆம் சங்கீதத்தோட முதல் வரியைத்தான். ஏன் கைவிட்டீர் என்கிற அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்தே வந்திருக்குன்னா, நம்ம வாயிலிருந்து வரக்கூடாதா?

இந்த வாரம் ஒண்ணு செஞ்சு பாருங்க. போன் நோட்ஸ்ல நாலே வரி. முதல்ல, யார்கிட்ட பேசுறீங்களோ அவரைக் கூப்பிடுங்க. ரெண்டாவது, வலிக்கிறதை அலங்காரம் இல்லாம எழுதுங்க. மூணாவது, என்ன வேணும்னு நேராக் கேளுங்க. நாலாவது, நம்ப முடிஞ்ச அளவு மட்டும் நம்பிக்கையை எழுதுங்க. ஒண்ணுமே வரலைன்னா அந்த வரியைக் காலியா விட்டுடுங்க. ஏமானும் அப்படித்தான் விட்டார்.

இன்னொண்ணு. சாகணும்னு சொல்லிச் செடிக்கு அடியில படுத்த எலியாவுக்குக் கடவுள் முதல்ல பிரசங்கம் பண்ணல. தூங்க விட்டார், சாப்பாடும் தண்ணியும் கொடுத்தார். மறுபடியும் தூங்க விட்டு, மறுபடியும் கொடுத்தார். அதனால தூக்கமே வரல, வாழவே பிடிக்கலைன்னா, ஜெபிங்க. டாக்டரையோ கவுன்சிலரையோ பாருங்க. வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது இன்னிக்கே சொல்லுங்க. உதவி கேட்கிறது விசுவாசக் குறைவு இல்ல.

அடுத்த வாரம், அழுதுக்கிட்டிருக்கிற நண்பர் பக்கத்துல என்ன பேசாம இருக்கணும்னு பார்ப்போம். அதுவரைக்கும், அவர்கிட்ட உண்மையைப் பேசுங்க.