எல்லைக் கிராமத்து மழையும் கணிப்பொறி வரைபடமும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்தால் களியக்காவிளை வந்துவிடுகிறது. அங்கே பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறுகிறது. மண்ணும் மழையும் மாறுவதில்லை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பல பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி. மும்பையிலும் தில்லியிலும் வாழும் நம் பிள்ளைகளின் நிலையும் அதுதானே? ஆகவே அவ்வூர் மழையைக் கொண்டே இன்று ஒரு பாடம் பயில்வோம்.

கேரள அரசின் கைட் நிறுவனம், 2018-இல் பள்ளிகளில் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களின் வழியே, மாணவருக்கு ஸ்கிராட்ச் என்னும் கணிப்பொறி மொழியைக் கற்பிக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கழகம் 2007-இல் வெளியிட்ட மொழி அது. அதில் கட்டளைகளை எழுத வேண்டுவதில்லை. வண்ணக் கட்டைகளைப் போல ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் போதும். ஒரு மாதத்தில் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்னும் கணக்கை இக்கட்டைகளைக் கொண்டு படமாக்குவது எங்ஙனம்?

முதற்படி, ஒரே ஒரு புள்ளி. ஸ்கிராட்சின் திரையில் நடுவிடம் சுழி. இடவலமாக 240 வரையிலும், மேல்கீழாக 180 வரையிலும் இருபுறமும் எண்கள் செல்கின்றன. எழுதுகோலை ஓர் இடத்திற்கு அனுப்பி ஒரு புள்ளி வைக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பன்னிரண்டு மாதத்தையும் ஒரே மூச்சில் வரைய முனைபவர், பிழை எங்கே என்று தேடியே களைத்துப்போவார்.

இரண்டாம் படி, அளவுத்திட்டம். 300 மில்லிமீட்டர் மழையை அப்படியே உயரமாகக் கொண்டால் புள்ளி திரைக்கு அப்பால் போய்விடும். எனவே மழையளவை 2-ஆல் வகுத்து, 150-ஐக் கழிப்போம். மழையே இல்லையேல் புள்ளி கீழே −150-இல் நிற்கும்; 300 ஆயின் நடுவிலும், 600 ஆயின் மேலே 150-இலும் நிற்கும். அதனினும் மிகுந்த மழை பெய்த மாதம் இருந்தால் 3-ஆல் வகுக்கலாம். ஆனால் எல்லா மாதங்களையும் ஒன்றுபோல வகுக்க வேண்டும். ஒரு மாதத்திற்கு மட்டும் அளவை மாற்றினால் படம் பொய் சொல்லும்.

மூன்றாம் படி, பட்டியல். பன்னிரண்டு அளவுகளையும் பட்டியலில் இட்டு, ‘12 முறை திரும்பச் செய்’ என்னும் கட்டையினுள் நம் கட்டளைகளை வைப்போம். இடப்புறம் −220-இல் தொடங்கி மாதந்தோறும் 40 கூட்டினால், டிசம்பர் சரியாக 220-இல் வந்து நிற்கும்.

நான்காம் படி, புள்ளிகளைத் தூண்களாக்குவது. எழுதுகோலைத் தூக்கியபடியே அடிக்கோட்டுக்குச் செல்க, அங்கே இறக்குக, மழையின் உயரம் வரை ஏறுக, மீண்டும் தூக்குக. தூக்க மறந்தால் ஒரு தூணின் உச்சியிலிருந்து அடுத்த தூணின் அடிக்குச் சாய்வாக ஒரு கோடு விழும். பெய்யாத மழையைப் பெய்ததாகக் காட்டும் கோடு அது. தொடங்குவோர் பெரும்பாலும் செய்யும் பிழை இது. செய்து திருத்தினால் மறக்காது.

இனிப் படத்தைப் பாருங்கள். பல ஆண்டுச் சராசரியை வரைந்தால் பாறசாலைப் பகுதிக்கு இரண்டு முகடுகள் எழும்: ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. சென்னைக்கு நவம்பரை ஒட்டியும், மும்பைக்கு ஜூலையிலும் ஒரே பெரிய முகடுதான். எல்லையோரத்து உழவருக்கு வானம் இருமுறை கைகொடுக்கிறது என்பதைப் பிள்ளை தன் கையாலேயே கண்டுகொள்கிறது. ஓராண்டுக் கணக்கை மட்டும் நம்பலாகாது. 2018 ஆகஸ்டில் கேரளத்தைச் சூழ்ந்த பெருவெள்ளம் போன்ற ஒன்று படத்தின் உருவையே மாற்றிவிடும்.

நேயர்களே, அயல் மாநிலத்தில் நம் பிள்ளைகள் இக்கணக்கை ஆங்கிலத்திலோ இந்தியிலோ மராத்தியிலோ பயிலக்கூடும். அதில் குறையொன்றுமில்லை. ஆயினும் புள்ளி, அச்சு, அளவுத்திட்டம், பட்டியல், சராசரி என்னும் ஐந்து சொற்களை வீட்டில் நாம் தமிழில் சொல்லாவிடில், தமிழ் சமையலறைக்கும் திருவிழாவுக்கும் மட்டுமே உரியதென்று அவர்கள் எண்ணிவிடுவார்கள். அறிவுக்கும் அது உரியதென்று காட்டப் பெரும் பள்ளி வேண்டுவதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, நம் சொந்த ஊர் மழையைக் கேட்டறிந்து, முதற்புள்ளியை வைப்போம். மற்றப் பதினொன்றும் தாமே வரும்.