ஏணியை எடுக்க விடாதீர்கள்

(தாராவியில் நடந்த நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்தில் கீழ்வீட்டுக்காரர்களும் இருக்கிறீர்கள். இரும்பு ஏணி ஏறிப் போகிற மேல்வீட்டுக்காரர்களும் இருக்கிறீர்கள். இத்தனை நாள் இது ஒரு பிரிவாகவே நமக்குத் தோன்றியதில்லை. கீழே அண்ணாச்சி இட்லி அவிப்பார். மேலே குடியிருக்கும் தம்பி அதைத் தலையில் சுமந்து விடியற்காலையில் விற்கப் போவார். ஒரே கூரை, ஒரே பிழைப்பு. இன்று அந்த வீட்டையே இரண்டாக வெட்டும் கணக்கு வந்திருக்கிறது.

கணக்கு இதுதான். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, இலவசம். அதன்பின் 2011 வரை வந்தவர்களுக்கு 300 சதுர அடி; இரண்டரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டும்; வீடு தாராவிக்கு வெளியே. அதற்கும் பிறகு 2022 நவம்பர் 15 வரை வந்தவர்களுக்கும், மேல்தளத்தில் இருப்பவர்கள் அனைவருக்கும், வெளியே வாடகைத் தவணை வீடு. முப்பது வருஷம் மேலே குடியிருந்தாலும் வெளியேதான்!

வெளியே என்றால் எங்கே? முலுண்டு பக்கத்து உப்பளம், தேவனார் குப்பைமேடு. நம் பாட்டன்மார் நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் சாலை வேலைக்கு வந்தபோது, தாராவி ஊரின் ஓரத்துச் சதுப்பு நிலம். அதை மண் கொட்டி மேடாக்கியது யார்? நாம். ஊர் வளர்ந்து ஓரம் நடுமையமானது. பக்கத்திலேயே பாந்த்ரா-குர்லா வணிக வளாகம் எழுந்தது. மண்ணுக்கு விலை வந்ததும் நாம் இடைஞ்சலாகிவிட்டோம்!

2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு அதானி குழுமம் இத்திட்டத்தை எடுத்தது. கூட்டுக் கம்பெனியில் அவர்களுக்கு நூற்றுக்கு 80 பங்கு, மாநில அரசுக்கு 20. கம்பெனியின் லாபம் நமக்குக் கட்டும் வீட்டில் இல்லை. மிச்ச நிலத்தில் கட்டி விற்கும் கட்டிடத்தில் இருக்கிறது. ஒரு குடும்பம் வெளியே போனால் அவ்வளவு நிலம் விற்பனைக்கு மிச்சம். மேல்வீட்டைக் கணக்கில் சேர்க்காததன் சூட்சுமம் இதுவே.

நமக்கு நல்ல வீடு வேண்டாமா? கட்டாயம் வேண்டும். விடியுமுன் கழிப்பறை வரிசையில் நிற்கும் நம் பெண்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் வீடு மட்டும் போதாது. கும்பார்வாடாக் குயவருக்குச் சூளை வேண்டும். அப்பளம் இடும் தாய்க்கு வெயில் விழும் முற்றம் வேண்டும். தோல் பை தைப்பவருக்கு மெஷின் போட இடம் வேண்டும். பதினைந்தாவது மாடியில் இவை எங்கே?

சென்ற மாதம் ஒரு கீழ்வீட்டு அண்ணாச்சி என்னிடம் சொன்னார்: "மேல்வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்தால் என் வீட்டுக்கு வம்பு வரும் என்கிறார்கள், தம்பி." நான் கேட்டேன்: "அண்ணாச்சி, மேலே இருப்பவர்கள் போன பிறகு உங்களுக்காகக் குரல் கொடுக்க எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?" அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் எழுதிக் கொடுத்தார்.

மேல்வீட்டில் பலருக்கு மின்சார ரசீது தங்கள் பெயரில் இல்லை. கீழ்வீட்டுக்காரரின் கையெழுத்தே அவர்களுக்கு ஆதாரம். 1985-இல் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவித்தபோது, அரசுக் கணக்கை நம்பி மக்கள் சும்மா இருக்கவில்லை. 1986-இல் மக்கள் அமைப்புகளே வீடு வீடாகக் கணக்கெடுத்தன. அரசு சொன்னதைவிட அதிகம் பேர் இங்கே வாழ்வது தெரிந்தது. அந்த வேலையை மறுபடி செய்வோம். சந்து சந்தாக, கீழும் மேலும் சேர்த்து, ஒரே நோட்டில் எழுதுவோம். தமிழர் மட்டுமல்ல, மராட்டியர், குஜராத்தியர், உத்தரப் பிரதேசத்தார் அனைவரையும் எழுதுவோம்.

நமது கோரிக்கை மூன்று. எல்லோருக்கும் தாராவியிலேயே வீடு. தொழிலுக்கு இடம். நம் மொழிகளில் திட்டத்தை விளக்கி, நம் சம்மதம் கேட்டபின் இடிப்பு.

தோழர்களே, ஏணியை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர் மட்டும் தவிப்பார் என்று எண்ணாதீர்கள். இன்றிரவு வீடு திரும்பியதும், கீழ்வீட்டார் மேலே ஏறிப் போய்ப் பேசுங்கள். நாளை காலை நோட்டோடு வருகிறோம்.