பறக்கும் வாள்: நிறை என்ன, குறை என்ன?



தற்காப்புக் கலைப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரையரங்கை விட்டு வெளியே வருகிறவர்களின் பேச்சைச் சற்றுக் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். "சண்டை பிரமாதம்" என்பார் ஒருவர். "எல்லாம் கயிறு கட்டித் தூக்கியது, சுத்தப் பொய்" என்பார் இன்னொருவர். கார் நிறுத்துமிடம் வருவதற்குள் விமர்சனம் முடிந்துவிடும்.

இரண்டுமே தீர்ப்பு ஆகாது. முதலாவது ரசிப்பு. இரண்டாவது சந்தேகம். ஒரு சண்டைப் படத்தை எடைபோட வேண்டுமானால் வேறு இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒன்று, அந்தச் சண்டையை எடுத்துவிட்டால் கதையில் எதை இழப்போம்? மற்றொன்று, அடிபட்டவருக்கு வலித்தது என்று மனம் நம்பியதா? இந்த இரண்டுக்கும் படம் என்ன பதில் சொல்கிறதோ அதுதான் அதன் நிறை, அதுதான் அதன் குறை.

இதற்கு ஒரு நல்ல உரைகல் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'குரோச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' என்ற சீனப் படம். 'பதுங்கிய புலி, மறைந்த டிராகன்' என்று பொருள். வெளியில் தெரியாத திறமைசாலிகள் நிறைந்த இடத்தைக் குறிக்கும் சீன மரபுத்தொடர் அது. தைவானில் பிறந்த ஆங் லீ இயக்கினார். ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் அமெரிக்க டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம், அமெரிக்காவில் மட்டும் 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஆங்கிலம் அல்லாத ஒரு படம் அங்கே அந்த எல்லையைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. 2001ஆம் ஆண்டு ஆஸ்கார் விழாவில் 10 பிரிவுகளில் முன்மொழியப்பட்டு, சிறந்த வேற்றுமொழிப் படம், ஒளிப்பதிவு, இசை, கலை இயக்கம் என 4 விருதுகளைப் பெற்றது. அதன் நாயகி மிச்சல் இயோ நம் ஈப்போவில் பிறந்தவர் என்பதை மலேசியர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

விருது வாங்கிய படம், நம் ஊர்ப் பெண் நடித்த படம் என்பதற்காகக் குறையைச் சொல்லாமல் விட்டுவிட முடியுமா? முடியாது. குறை இருக்கிறது என்பதற்காக நிறையை மறைக்கவும் முடியாது. இரண்டையும் தராசில் வைத்துப் பார்ப்போம்.

கதை என்ன?

சிங் பேரரசுக் காலத்துச் சீனா. வூடாங் மலையில் வித்தை பயின்ற வாள்வீரர் லீ மூ பாய், வாளேந்தும் வாழ்க்கை போதும் என்று முடிவெடுக்கிறார். தம்முடைய புகழ்பெற்ற வாளைப் பெய்ஜிங்கில் உள்ள பெரியவர் ஒருவரிடம் ஒப்படைக்க விரும்புகிறார். அதைக் கொண்டு போகிறவர் யூ ஷூ லியென். வணிகர்களின் சரக்குக்குக் காவலாகச் செல்லும் தொழிலை நடத்தும் பெண்மணி. இவர்கள் இருவருக்கும் இடையில் சொல்லப்படாத அன்பு. ஷூ லியெனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவர் லீயின் உடன்பிறவாச் சகோதரர், அவர் கொல்லப்பட்டுவிட்டார். இறந்தவருக்குத் துரோகம் செய்யக் கூடாது என்று இருவரும் வாய் திறக்காமலே ஆண்டுகளைக் கடத்துகிறார்கள்.

பெய்ஜிங் போன வாள் திருடு போகிறது. திருடியவள் ஆளுநர் வீட்டுப் பெண் ஜென். திருமணம் நிச்சயமானவள். அவளுக்கு யாருக்கும் தெரியாமல் வித்தை சொல்லிக் கொடுத்தவள், அந்த வீட்டிலேயே பணிப்பெண்ணாக ஒளிந்து வாழும் ஜேட் நரி. லீயின் குருவைக் கொன்றவள் அவள்தான்.

நிறைகள்

முதல் நிறை, படத்தின் பொறுமை. சண்டைப் படம் என்றால் தொடக்கத்திலேயே நாலு பேரை அடித்துப் போட வேண்டும் என்பது வழக்கம். இங்கே முதல் சண்டை வருவதற்கு ஏறத்தாழ 15 நிமிடம் ஆகிறது. அதுவரை மனிதர்கள் பேசுகிறார்கள், தேநீர் அருந்துகிறார்கள், சொல்ல வந்ததைச் சொல்லாமல் விடுகிறார்கள். பிறகு இரவில், கூரைகளின் மேல் அந்தத் துரத்தல். தான் டுன் அமைத்த பின்னணியில் முரசு ஒலி மட்டுமே.

அந்தத் துரத்தலில் ஒன்றைக் கவனியுங்கள். முகமூடி அணிந்த ஜென் மேலே பறந்து தப்பப் பார்க்கிறாள். ஷூ லியென் அவளைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறார். பாதத்தை மிதித்துத் தரையோடு அழுத்துகிறார். ஒருத்தி எல்லாவற்றிலிருந்தும் விடுபட்டுப் பறக்க நினைப்பவள். மற்றவர் கடமையை உதறாமல் மண்ணில் நிற்பவர். இருவரையும் பற்றி இத்தனை சேதியை ஒரு வசனம் கூட இல்லாமல் அந்தச் சண்டை சொல்லிவிடுகிறது. நமது முதல் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது. அதை வெட்டி எடுத்தால் கதையே ஊனமாகிவிடும்.

இரண்டாவது நிறை, பயிற்சிக் கூடத்தில் நடக்கும் சண்டை. சண்டை அமைப்பாளர் யுவன் வூ பிங்கின் கைவண்ணம். 1978இல் ஜாக்கி சானை வைத்து 'டிரங்கன் மாஸ்டர்' இயக்கியவரும், 1999இல் 'தி மேட்ரிக்ஸ்' படத்துக்குச் சண்டை அமைத்தவரும் அவரே. அந்தக் கூடத்தில் ஜென்னின் கையில் திருடிய அந்த ஒரே வாள். ஷூ லியென் இரட்டைக் கத்தி, ஈட்டி, கொக்கி வாள் என்று ஒவ்வோர் ஆயுதமாக மாற்றுகிறார். ஒரு கனமான ஆயுதத்தைத் தூக்கப் போய், தூக்க முடியாமல் தடுமாறவும் செய்கிறார். அரங்கமே சிரிக்கும் இடம் அது. அந்தச் சிரிப்பிலேயே, இந்தப் பெண்மணியும் நம்மைப் போல் களைத்துப் போகிறவர் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது.

கடைசியில் உடைந்த வாளின் முனை ஜென்னின் கழுத்தருகே வந்து நிற்கிறது. ஆம், நிற்கிறது. குத்தியிருக்கலாம், குத்தவில்லை. அந்த ஒரு நொடியைப் பயன்படுத்திக்கொண்டு ஜென் அவருடைய கையைக் கீறிவிடுகிறாள். யாருக்கு வித்தை அதிகம் என்பதில் ஐயம் இருக்கலாம். யாருக்குக் கலை கைவந்தது என்பதில் ஐயமே இல்லை. ஓங்கிய கையை நிறுத்தத் தெரிந்தவர்தான் கற்றவர்.

மூன்றாவது நிறை, நடிகர்களின் உடல். மிச்சல் இயோ பாலே நடனம் பயின்றவர். ஜென்னாக வரும் ஜாங் சியியும் பெய்ஜிங்கில் நடனம் படித்தவர். இருவரும் தற்காப்புக் கலைப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் அல்லர். ஆனாலும் கால் வைப்பதிலும் திரும்புவதிலும் அந்த நடனப் பயிற்சி தெரிகிறது. படப்பிடிப்பில் மிச்சல் இயோவின் முழங்கால் தசைநார் கிழிந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பி வந்து நடித்தார். 2023இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதை வேறொரு படத்துக்காக அவர் வாங்கியபோது உலகம் வியந்தது. ஷூ லியெனை முன்பே பார்த்தவர்களுக்கு அது வியப்பாக இருந்திருக்காது.

குறைகள்

இனி மறுதட்டு.

முதல் குறை, எடை இல்லாத சண்டை. "கயிறு கட்டியது" என்று சொல்லி ஒதுக்குவது நியாயம் அல்ல. கூரை மேலும் நீர் மேலும் வீரர்கள் பாய்வது சீன வாள்வீரர் கதைகளின் பழைய மரபு. செஜியாங் மாநிலத்து ஆன்ஜி மூங்கில் காட்டில் லீயும் ஜென்னும் மூங்கில் நுனிகளில் நின்று மோதுவது உலகப் புகழ் பெற்ற காட்சி. அங்கே லீ அவளை வீழ்த்த வரவில்லை, சோதிக்க வருகிறார். ஆகவே அந்த மிதப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது.

ஆனால் உணவு விடுதிக் காட்சிக்கு என்ன காரணம் சொல்வது? ஆண் வேடம் போட்ட ஜென், தனி ஒருத்தியாக ஒரு கூட்டத்தையே அடித்து மாடியிலிருந்து தூக்கி எறிகிறாள். பார்க்க வேடிக்கைதான். விழுந்தவர்களில் ஒருவருக்காவது வலித்ததாகத் தோன்றுகிறதா? நமது இரண்டாவது கேள்வியில் படம் தோற்பது இங்கேதான். 2003இல் வந்த தாய்லாந்தின் 'ஓங் பாக்' படத்தில் கயிறு இல்லாமல் டோனி ஜா பாய்ந்ததையும், 2011இல் வந்த இந்தோனேசியாவின் 'தி ரெய்டு' படத்தில் ஈக்கோ உவாய்ஸ் சிலாட் அடிகளை ஒவ்வொன்றாக இறக்கியதையும் பார்த்த கண்ணுக்கு, அந்த விடுதிச் சண்டை நாடகமேடைச் சண்டையாகத்தான் தெரியும்.

இரண்டாவது குறை, பாலைவனக் காட்சிகள். ஜென்னும் கொள்ளைக்காரன் லோவும் காதல் கொண்ட பழைய கதை நடுவில் வருகிறது. ஒரு சீப்புக்காகக் குதிரையில் துரத்திக்கொண்டு போகும் தொடக்கம் துடிப்பாக இருக்கிறது. பிறகு நீள்கிறது. வாள் என்ன ஆயிற்று, லீ என்ன ஆனார் என்று தவிக்கும் மனத்தை நீண்ட நேரம் மணலில் காக்க வைத்துவிடுகிறது படம்.

மூன்றாவது குறை நம்மில் பலருக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆங்கிலமும் மலாயும் பேசி வளர்ந்த மிச்சல் இயோ, தம் மாண்டரின் வசனங்களை ஒலியாக மனப்பாடம் செய்து பேசினார். லீயாக நடித்த ஹாங்காங் நடிகர் சௌ யுன் ஃபாட்டின் தாய்மொழி கேன்டனிஸ். திரைக்குக் கீழே ஓடும் வசன வரிகளைப் படித்துப் பார்த்தவர்களுக்கு அது உறுத்தவில்லை. மாண்டரின் பேசும் ரசிகர்களுக்கோ, பழங்கால வீரரும் வீராங்கனையும் ஆளுக்கோர் உச்சரிப்பில் காதல் பேசியது நெருடியது. தாய்மொழி தெரியாத நாயகி தமிழ் பேசும்போது நாம் படுகிற பாடுதான் அவர்களும் பட்டார்கள். அந்தக் குறையை அவர்கள் சொன்னால் மறுக்க நமக்கு உரிமை இல்லை.

நான்காவது குறைதான் கனமானது. ஜேட் நரியாக வருபவர் செங் பெய் பெய். 1966இல் ஷா பிரதர்ஸ் தயாரித்த 'கம் டிரிங்க் வித் மீ' படத்தில் வாளேந்தி ஒரு தலைமுறையைக் கவர்ந்தவர். 2024இல் காலமானார். அப்படிப்பட்டவருக்குக் கிடைத்த பாத்திரம் எப்படிப்பட்டது? லீயின் குரு அவளைப் படுக்கைக்கு ஏற்றார், பெண் என்பதால் பாடத்துக்கு ஏற்கவில்லை. ஆத்திரத்தில் அவரைக் கொன்று, வித்தை நூலைத் திருடிக்கொண்டு ஓடினாள். எழுத்தறிவு போதாததால் படங்களை மட்டும் பார்த்துப் பயின்றாள். படிக்கத் தெரிந்த மாணவி ஜென்னோ, எழுத்தில் இருந்ததைத் தான் மட்டும் கற்றுக்கொண்டு அவளிடம் மறைத்தாள்.

யோசித்துப் பாருங்கள், நேயர்களே. கற்க விரும்பி, கதவு சாத்தப்பட்டு, கடைசியில் வளர்த்த பிள்ளையாலும் ஏமாற்றப்பட்டவள். படத்திலேயே பெரிய துயரம் அவளுடையது. அதைப் படம் சில வசனங்களில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. மற்ற நேரமெல்லாம் அவள் நஞ்சு தடவிய ஊசி எறியும் கிழவிதான். கொலையை நியாயப்படுத்த வேண்டாம். ஆனால் அவள் எழுப்பிய கேள்விக்கு வூடாங் மலையில் யாரும் பதில் சொல்லவில்லை. ஆங் லீயும் பதிலை வற்புறுத்தவில்லை. ஜென்னைச் சீடராக ஏற்க லீ முன்வருவதை ஒரு பதிலாகக் கொள்ளலாம். அது ஜேட் நரிக்குப் பயன்படாத பதில்.

தீர்ப்பு

தராசு எந்தப் பக்கம் சாய்கிறது? ஒரு சான்று போதும். 2016இல் இதன் தொடர்ச்சி வந்தது. சண்டை அமைத்த அதே யுவன் வூ பிங் இயக்கினார். அதே மிச்சல் இயோ நடித்தார். வசனம் ஆங்கிலத்தில் இருந்ததால் மாண்டரின் உச்சரிப்புத் தொல்லையும் இல்லை. வாள் அதே வேகத்தில் சுழன்றது. இருந்தும் முதல் படத்தின் உயரத்தை அது எட்டவில்லை. சண்டைக்குப் பின்னால் சொல்ல முடியாத ஒன்றை நெஞ்சில் சுமந்து நிற்கும் இரண்டு மனிதர்கள் அங்கே இல்லை. சண்டையின் அழகு கைகால் வேகத்தில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆகவே, குறைகள் உண்மை, நிறை அதைவிடப் பெரியது என்பதே தீர்ப்பு. விடுதிச் சண்டை மறந்து போகும். கழுத்தருகே வந்து நின்ற அந்த வாள்முனை மறக்காது.

நம் பிள்ளைகள் மாலை நேரத்தில் சிலாட்டும் தேக்குவாண்டோவும் சிலம்பமும் பயிலப் போகிறார்கள். வீட்டுக்கு வந்து கைப்பேசியில் சண்டைக் காட்சிகளைப் பார்க்கிறார்கள். எந்த அடி எப்படி விழுந்தது என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். எந்த அடி விழாமல் நின்றது, ஏன் நின்றது என்பதை யார் சொல்லிக் கொடுப்பது? ஜென்னுக்கு அத்தனை வித்தையும் தெரியும். நிறுத்த மட்டும் தெரியவில்லை. அதற்கான விலையை லீ தம் உயிரால் கொடுத்தார். இறுதியில் அவள் மலையிலிருந்து தன்னையே காற்றில் விட்டுவிட்டாள்.

அடுத்த முறை பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு சண்டைப் படம் பார்க்கும்போது, "சண்டை எப்படி இருந்தது?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "இந்தச் சண்டை எதற்காக நடந்தது? யாருக்கு வலித்தது?" என்றும் கேளுங்கள். நல்ல படமாக இருந்தால் அவர்களிடமிருந்து பதில் வரும்.