வைத்தியர் மேரி இரத்தினம்



குடும்ப வைத்தியர் என்பார் நோயாளியின் நாடியை மட்டும் அறிபவரல்லர். அவ்வீட்டின் அடுக்களையையும் கிணற்றடியையும் வருவாயையும் உடன் அறிபவர். மருந்து கொடுத்துக் காய்ச்சலைத் தணித்துவிடலாம். ஆனால் வீட்டின் பின்னே தேங்கிக் கிடக்கும் கழிவுநீரை எம்மருந்து போக்கும்? ஆண்டுதோறும் பேறுற்று மெலியும் தாய்க்கு ஒரு போத்தல் மருந்து எந்த மட்டிற்கு உதவும்? இவ்வினாக்களை நேர்மையோடு எழுப்பும் வைத்தியர், என்றேனும் ஒருநாள் பொதுவாழ்வின் வாயிலில் வந்து நிற்பது இயல்பே. அவ்வாறு வந்து நின்ற ஒருவரைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். வைத்தியர் மேரி இரத்தினம் அம்மையார் அவர்.

1873 ஆம் ஆண்டு கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்திலே பிறந்தவர் மேரி இர்வின். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த அக்காலத்திலே, றொறன்ரோ நகரில் அக்கல்வியைப் பயின்று தேறினார். மேற்பயிற்சிக்கென நியூயோர்க் சென்றவிடத்து, யாழ்ப்பாணத் தமிழரான கனகரத்தினம் என்னும் கல்விமானைச் சந்தித்தார். 1896 இல் இருவரும் மணம் புரிந்தனர். மிஷன் வைத்தியப் பணிக்கெனத் தெரிவு செய்யப்பட்டிருந்த அம்மையார், அவ்வாண்டிலேயே இலங்கைக்கு வந்தார். ஆயினும், தன் வைத்தியர் சுதேசி ஒருவரை மணந்திருந்தமை மிஷனுக்கு உவப்பாகவில்லை. எதன் பொருட்டுக் கடல் கடந்து வந்தாரோ, அப்பணி அவருக்குக் கிட்டாது போயிற்று.

பிறர் இவ்விடத்தே சோர்ந்திருப்பர். அம்மையாரோ கொழும்பிலே லேடி ஹவ்லொக் பெண்கள் மருத்துவமனையில் சிறிது காலம் கடமையாற்றி, அதன்பின் தனியே வைத்தியத் தொழில் நடத்தலானார். ஆண் வைத்தியரிடம் தம் நோயைச் சொல்ல நாணி, வேதனையை உள்ளடக்கி வைத்திருந்த பெண்கள் அந்நாளிற் பலர். அத்தகையோர்க்குப் பெண் வைத்தியர் ஒருவர் எத்துணை ஆறுதலாய் இருந்திருப்பார் என்பதை நேயர்கள் உய்த்துணரலாம்.

நோயைத் தீர்ப்பதிலும் வராது காப்பதே மேல் என்பது அவர் கொள்கை. அதன்பொருட்டுப் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சுகாதார நூல்கள் எழுதினார். 1909 இல் தமிழ் மாதர் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் அவரும் ஒருவர். 1927 இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் எழுந்தபோது அதிலும் முன்னின்றார். டொனமூர் ஆணைக்குழுவினர் முன் அச்சங்கம் முதலிற் கோரியது ஓரளவான வாக்குரிமையையே என்பதையும் இங்கே மறைத்தல் ஆகாது. ஆயினும், கோரியதிலும் மிகுதியே கிடைத்தது. 1931 இல் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தெய்திற்று.

வாக்கு கையில் வந்தாற் போதுமா? அதனைப் பயன்படுத்தும் அறிவும் துணிவும் கிராமத்துப் பெண்ணுக்கு வேண்டாமா? கனடாவிலே கமக்காரப் பெண்கள் கூடி நடத்திய மாதர் கழகங்களை முன்மாதிரியாகக் கொண்டு, லங்கா மகிளா சமிதியை அமைப்பதில் அம்மையார் தலைநின்றார். சத்துணவு சமைத்தல், குழந்தை வளர்ப்பு, முதலுதவி, கைப்பணி, வீட்டுத் தோட்டம் ஆகியன அங்கே பயிற்றப்பட்டன. இவை சிறு காரியங்கள் போலத் தோன்றலாம். ஆனால் பெண்கள் ஒன்றுகூடி, தலைவியைத் தாமே தெரிந்து, கணக்கெழுதி, கூட்டம் நடத்தப் பழகியது சிறு காரியமன்று. ஆட்சி நடத்துவதற்கு அதுவே அரிச்சுவடி. குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதே பழியெனக் கருதப்பட்ட காலத்தில், அதனையும் அவர் துணிந்து ஆதரித்தார்.

1937 இல், அறுபது வயதைக் கடந்த நிலையில், பம்பலப்பிட்டி வட்டாரத்திலே போட்டியிட்டு வென்று, கொழும்பு மாநகர சபையின் முதற் பெண் உறுப்பினரானார். வடிகாலும் குடிநீரும் சந்தையும் சேரியும் மாநகர சபையின் பொறுப்பிலன்றோ உள்ளன? வைத்தியர்க்கு அதனினும் ஏற்ற இடம் வேறெது? ஆயின், சட்ட நுணுக்கமொன்றைக் காட்டி அப்பதவி அவரிடமிருந்து விரைவிலேயே பறிக்கப்பட்டது. மக்கள் மனமுவந்து அளித்த ஆசனம் கைநழுவிற்று.

பதவி போனதால் பணி நின்றுவிடவில்லை. மகிளா சமிதி ஊரூராய்ப் பரவிற்று. 1958 இல், பொதுச்சேவைக்கான மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது. 1962 இல் அம்மையார் மறைந்தார்.

நேயர்களே, உள்ளூராட்சி மன்றங்களில் நான்கிலொரு பங்கு இடம் பெண்களுக்குரியதென்னும் விதி, 2018 ஆம் ஆண்டுத் தேர்தலிலேதான் முதன்முதல் நடைமுறைக்கு வந்தது. அம்மையார் மாநகர சபையுட் புகுந்த நாளுக்கும் அந்நாளுக்கும் இடையே எண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இத்தாமதத்தைச் சட்டத்தின்மேல் மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளல் தகாது. பெண்ணிடம் நம் குழந்தையின் உயிரை நம்பி ஒப்படைக்கின்றோம். ஊரின் வடிகாலையும் வரிப்பணத்தையும் ஒப்படைக்க மட்டும் ஏன் தயங்குகின்றோம்? அம்மையாரின் வாழ்வு நம்மை நோக்கி வினவுவது இதனையே. விடையை நாம் எழுத வேண்டிய இடம் வாக்குச் சீட்டு.